காற்றுக்கு எதிரே 36 மணி நேரம்

கிளம்புவதற்கு முந்தின நாள் காரைக்காலுக்குப் போன் போட்டேன். கிளிஞ்சல்மேட்டில் என் மாமா இருக்கிறார். நாற்பது வருஷம் கடல் தொழில் பார்த்தவர், இப்போது முட்டி வலியால் கரையோடு நின்றுவிட்டார். மொரீஷியஸிலிருந்து இன்னொரு தீவுக்குக் கப்பலில் போகிறேன், இரண்டு ராத்திரி ஒரு பகல் ஆகும் என்று சொன்னேன். எந்தத் தீவு, எதற்குப் போகிறாய், டிக்கெட் எவ்வளவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம் மாப்ள?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருஷமாக மொரீஷியஸின் எபேன் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. "பார்த்துட்டுச் சொல்றேன் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் முதுகுப்பையோடு சேர்ந்து என்கூடவே கப்பல் ஏறியது.

நான் போனது ரொட்ரிக்ஸ் தீவுக்கு. மொரீஷியஸ் நாட்டின் ஒரு பகுதிதான், ஆனால் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, தனியாகக் கிடக்கிறது. பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர். 2002 முதல் அதற்கென்று தனிப் பிராந்திய சபை இருக்கிறது. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கப்பலில் ஏறக்குறைய 36 மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு 16, 17 கிலோமீட்டர். நல்ல சாலையில் சைக்கிள் மிதிக்கிறவன் போகிற வேகம். ஆபீஸில் எல்லாரும் விமானத்தில் போகச் சொன்னார்கள். எனக்குக் கப்பல்தான் வேண்டும் என்று தோன்றியது. காரைக்காலில் பிறந்தவனுக்கு இந்தப் பக்கத்துத் தீவுகள் சின்ன வயதிலிருந்தே கதையாகக் கேட்டுப் பழகியவை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரிலிருந்து, மொரீஷியஸுக்குப் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குக் கப்பல் போயிருக்கிறது. அவர்கள் கடந்த கடலில் ஒரு துண்டையாவது அதன் வேகத்திலேயே கடந்து பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அந்த மாத அட்டவணையில் எனக்குத் தோதாக இருந்தது தீபாவளிக்கு முந்தின நாள் புறப்படும் கப்பல்தான். தீபாவளி நடுக்கடலில் என்று அப்போதே தெரியும். சரி, போகட்டும் என்று பதிவு செய்தேன்.

போர்ட் லூயிஸுக்கு மதியமே வந்துவிட்டேன். துறைமுகத்தை ஒட்டி ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834க்கும் 1920க்கும் இடையில் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர், இந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மிச்சம் இருப்பவை சில கல் கட்டடங்களும், படகிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 படிகளும்தான். அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு பயணிகள் பக்கம் நடந்தேன்.

அங்கே பார்த்த மூட்டைகளை என்னால் மறக்க முடியாது. விமானத்தில் கொண்டுபோக முடியாததெல்லாம் கப்பலுக்கு வந்திருந்தது. அட்டைப் பெட்டியில் குளிர்பதனப் பெட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை, ஒரு குழந்தைக் கட்டில், மோட்டார் சைக்கிள் டயர் இரண்டு, தைத்த கோணியில் என்னென்னவோ. ஊர் திரும்புகிற ரொட்ரிக்ஸ்காரர்கள்தான் பெரும்பாலும். எல்லாருமாகச் சேர்த்து நூறு பேர் இருக்கலாம். மீதிக் கப்பல் முழுவதும் சரக்கு. அந்தத் தீவின் அரிசியும் சிமெண்டும் மாவும் கடல் வழியாகத்தான் போகவேண்டும். 1972இல்தான் அங்கே முதல் விமானம் இறங்கியது. அதுவரை கடிதமும் கப்பல் வந்தால்தான்.

கப்பலின் பெயர் மொரீஷியஸ் ட்ரொகெத்தியா. ட்ரொகெத்தியா இந்த நாட்டின் தேசியப் பூ. தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மோர்ன் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத, மணிபோலத் தொங்கும் சிவப்புப் பூ. ஒரே ஒரு மலையை விட்டு நகராத பூவின் பெயரை, ரெயூனியன், மடகாஸ்கரின் தமதாவ் துறைமுகம் என்று தீவு தீவாக ஓடிய கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பயணிகள் பட்டியலைப் படித்தபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'கூப்பென்' என்றார்கள். குப்பன். 'மூத்து' என்றார்கள். முத்து. 'வீராசாமீ'யை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர், இன்று குடும்பப் பெயராக நிற்கிறது. என் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல், "தாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டது. அட்சரம் பிசகாத எழுத்துத் தமிழ்.

வெள்ளைத் தொப்பி, கைத்தடி, எழுபது தாண்டிய வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூட அவர் மனைவி. மகள் ரொட்ரிக்ஸில் நர்ஸாக இருக்கிறாள், அங்கேயே ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறோம் என்றார். நான் அவரை ஐயா என்றேன், அந்த அம்மாவை அம்மா என்றேன். பயணம் முழுக்க அதுதான். மொரீஷியஸில் தமிழர் வீடுகளில் இப்போது பேச்சுமொழி, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் என்பது பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படித்துப் பெறுவது. அதனால்தான் ஐயாவின் தமிழில் 'போறேன், வாறேன்' கிடையாது. என் பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்காக நான் எழுத்தில் பேசப் பழகினேன். ஒரு மணி நேரத்தில் அதுவே சுகமாகிவிட்டது.

காரைக்கால் என்றதும் அவர் முகம் மாறியது. "காரைக்காலா! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அல்லவா ரெயூனியனுக்குக் கப்பல்கள் புறப்பட்டன?" என்றார். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், அதன்பேரில் ஆள் எடுத்தது, 1882இல் பிரிட்டன் அதை நிறுத்தியது, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். எங்கள் ஊர் வரலாற்றை இந்தியப் பெருங்கடலில் ஒருவர் எனக்கு எடுத்துச் சொல்வதைக் கேட்டு நின்றது பெரிய அனுபவம்.

நாலு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. முதல் இரண்டு மணி நேரம் குளத்தில் போவதுபோல இருந்தது. போர்ட் லூயிஸ் தீவின் வடமேற்கில் இருக்கிறது. மலைகள் காற்றை மறைத்துக்கொள்கின்றன. கப்பல் கரையை ஒட்டி வடக்கே போய், தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பவேண்டும். ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் நிற்கும் கோயன் தெ மிர் தீவு, அதற்கு அப்பால் தட்டையாக ஒரு தீவு, பக்கத்திலேயே காப்ரியேல் என்ற குட்டித் தீவு. சூரியன் விழுகிற நேரத்தில் எல்லாம் பொன்னாக இருந்தன. நான் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"1856ஆம் ஆண்டு காலரா கண்ட இரண்டு கப்பல்களில் வந்த கூலிகளை அங்கே இறக்கினார்கள். நகரத்துக்கு நோய் வரக்கூடாதென்று. கூரையும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை. நூற்றுக்கணக்கில் அங்கேயே இறந்தார்கள்" என்றார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். நான் போனை உள்ளே வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு தீவைப் பார்த்துக் கையாட்டினான். கப்பல் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

திரும்பியதும் தெரிந்துவிட்டது. மாமா கேட்டதற்கு அங்கேதான் பதில் இருந்தது. மலை விலகியது, தென்கிழக்கிலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. தட்டியில் கட்டியிருந்த கயிறு படபடத்தது. கப்பலின் அணியம், அதாவது முன்பக்கம், மெல்ல மேலே போனது, ஒரு நொடி நின்றது, அப்புறம் கீழே போனது. போனது போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் பக்கம் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். ஆறு மாதத்துக்கு ஒரு திசை என்று ஊரில் காற்று மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் வலையே மாற்றுவார்கள். இங்கே அப்படி இல்லை. கொண்டலும் சோழகமும் கலந்த மாதிரி ஒரே காற்று, தென்கிழக்கிலிருந்து, வருஷம் முழுவதும். தெற்கே குளிர்ந்த கடல்மேல் அழுத்தம் கூடிக் கிடக்கும் காற்று, சூடான நிலநடுக்கோட்டுப் பக்கம் இழுபடுகிறது. பூமி சுழல்வதால் அது நேரே வடக்கே போகாமல் மேற்காகச் சாய்கிறது. புயல் காலத்தில் குழம்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னும் பலமாக அடிக்கும், மற்றபடி இதுதான். ரொட்ரிக்ஸுக்குப் போகிறவன் இந்தக் காற்றுக்கு எதிரேதான் போகவேண்டும். போகும்போது ஒன்றரை நாள் பிடிக்கிற அதே தூரம், திரும்பும்போது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது.

முதல் ராத்திரியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சின்ன வயதில் மாமாவோடு கட்டுமரத்தில் போயிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன். கட்டுமரம் அலையோடு அலையாக உடனுக்குடன் ஏறி இறங்கும். இது வேறு ஆட்டம். மெதுவாக, கனமாக, வயிற்றைக் கையில் ஏந்தித் தூக்கி வேறொரு இடத்தில் வைப்பதுபோல. கீழே இருக்கையில் உட்கார முடியவில்லை. டீசல் வாடையும் யாரோ சூடு பண்ணிய குழம்பு வாடையும் சேர்ந்து குமட்டியது. மூன்று முறை வாந்தி எடுத்தேன். காலையில் ஒரு கப்பல் சிப்பந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளைப் பிடித்து மேல்தளத்துக்குக் கூட்டிப் போய், கடலும் வானமும் சேர்கிற கோட்டைக் காட்டி, "கெத் லொரிசோன்" என்றான். அந்தக் கோட்டையே பார். கண்ணுக்கு நிலையான ஒன்று கிடைத்துவிட்டால் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போடு அது சண்டை போடுவதை நிறுத்துகிறது. அரை மணி நேரத்தில் மனிதனானேன். பையில் இருந்த இஞ்சி மரப்பாவை அவனுக்கு ஒன்று கொடுத்து நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

பகல் அழகாக இருந்தது. இவ்வளவு நீலத்தை நான் பார்த்ததில்லை. வங்காள விரிகுடாவின் கரைத் தண்ணீரில் ஒரு கலங்கல் இருக்கும், ஆற்று மண்ணின் நிறம். இங்கே மண் இல்லை. நேரே மையைக் கொட்டிய நிறம். பத்து மணி வாக்கில் அணியத்துக்கு முன்னால் வெள்ளிக் காசுகளை வீசியதுபோல ஏதோ பறந்தது. கோலா! எங்கள் கடற்கரையில் கோலா சீசன் என்றால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். அதே பறக்கும் மீன், இங்கே கப்பலுக்குப் பயந்து தண்ணீரிலிருந்து கிளம்பி, வாலின் கீழ்நுனியால் தண்ணீரில் கோடு கிழித்தபடி, செட்டையை விரித்துக்கொண்டு ஐம்பது அறுபது அடி சறுக்கிப் போய் மறுபடி விழுந்தது. வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பலாம் என்றால் சிக்னல் முந்தின நாள் மாலையே போய்விட்டது.

"தோன் மான்ஸே?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம்மூர் அம்மாக்கள் 'எப்படி இருக்கே'க்குப் பதிலாகக் கேட்கிற அதே கேள்வி. அம்மாவுக்குத் தமிழில் பேச வராது. தேவாரம் நாலைந்து மனப்பாடம், மற்றதெல்லாம் கிரியோல். எனக்கோ ஊரில் படித்த அரைகுறை பிரெஞ்சு. அப்படியும் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசியதற்கு அளவில்லை, பேச்சு முழுக்கச் சாப்பாடு. அவர் ஒரு டப்பாவைத் திறந்து, இதில் 'கரிப்புலே' போட்டிருக்கிறது என்றார். கறிவேப்பிலை. சட்னி எதில்? 'கொத்தோமிலி'யில். வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார்: 'பிப்பங்காய்', 'மூரும்'. பீர்க்கங்காய், முருங்கை. உடம்பு சரியில்லாதபோது 'ரஸோன்'. கல்யாணத்துக்கு வாழை இலையில் ஏழு கறி. மொழி போய்விட்டது என்று சொல்கிறோம். அது எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்பதை அந்த டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தபோது பார்த்தேன். இந்தச் சொற்களை அங்கே தமிழர் மட்டும் அல்ல, சந்தைக்குப் போகிற எல்லாரும் சொல்கிறார்கள்.

காபி வாங்க ஐயா நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். கொடுக்குமுன் என்னிடம் காட்டினார். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், 1958இல் மறைந்த தமிழ் அரசியல்வாதி. மொரீஷியஸ் நோட்டுகளில் தொகை தமிழிலும் இருக்கும். 1998இல் புது நோட்டுகள் வந்தபோது தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் போட்டிருந்தார்கள். தமிழர்கள் கொதித்துப்போனார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையைச் சரிசெய்து மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. "வீட்டில் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் நோட்டில் ஒரு வரி கீழே இறங்கியதை எங்களால் பொறுக்க முடியவில்லை" என்றார் ஐயா. அவர் அதைச் சொன்ன விதத்தில் பெருமையும் துக்கமும் இரண்டும் இருந்தன. நான் அந்த மனிதர்களின் பக்கம். பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் மொழி சொந்தம் என்று ஊரில் இருந்தபோது நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

மதியத்துக்கு மேல் பேச்சு ரொட்ரிக்ஸுக்குத் திரும்பியது. ஐயாவிடம் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று, பிரான்சிலிருந்து மத நெருக்கடியால் தப்பி வந்த பிரான்சுவா லெகா என்பவரும் கூட்டாளிகளும். 1691இல் ஆளில்லாத அந்தத் தீவில் இறங்கி, இரண்டு வருஷம் இருந்து, தாங்களே கட்டிய சின்னப் படகில் மொரீஷியஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குக் காற்று முதுகில். நாங்கள் போகிற வழியில்தான் எதிரே வந்திருக்கிறார்கள். லெகா அங்கே பார்த்து எழுதிய சாலிடேர் என்ற பறக்காத பறவை, அடுத்த நூறு வருஷத்துக்குள் முற்றிலும் அழிந்துபோனது.

இன்னொன்று சத்தத்தைப் பற்றியது. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தது. ரொட்ரிக்ஸின் போலீஸ் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ், கிழக்கேயிருந்து தூரத்தில் பீரங்கி முழங்குவதுபோல் கேட்கிறது என்று பதிவு செய்தார். இடைவெளி ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். அந்தச் சத்தம் கடலைக் கடந்து வர நாலு மணி நேரம் பிடித்தது. ஐயா சொல்லிவிட்டுக் கிழக்கே கையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அந்தத் திசையில், இடையில் தடுக்க ஒன்றும் இல்லை.

அன்று மாலை தீபாவளி. அம்மா பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். அகல் விளக்குகள், பன்னிரண்டு. திரியும் எண்ணெயும்கூட. கப்பலில் தீ வைக்கக்கூடாது என்று சிப்பந்தி பணிவாகச் சொன்னான். சரக்கு ஏற்றிய கப்பல், காற்று வேறு. அம்மா வாதாடவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு விளிம்புத் தட்டை வைத்து, அதில் ஒரே ஒரு அகலை வைத்து, எண்ணெய் விட்டு, திரியை நனைத்து, நுனியை விரலால் முறுக்கிக் கூராக்கி நிறுத்தினார். ஏற்றவில்லை. கப்பல் சாய்ந்தபோதெல்லாம் எண்ணெய் அகலின் விளிம்பு வரை வந்து, வழியாமல் திரும்பியது. ஐயா எழுந்து நின்று ஒரு பதிகம் சொன்னார். அவர் குரல் இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. டொமினோ ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்தார்கள்.

அப்புறம் அம்மா 'காத்தோ பத்தாத்' டப்பாவைத் திறந்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்தது. மொரீஷியஸில் தீபாவளி என்றால் இதுதான். அக்கம்பக்கத்தார் எந்த மதமானாலும் அவர்கள் வீட்டுக்குத் தட்டு போகவேண்டும். அன்று அக்கம்பக்கத்தார் என்பது கப்பல்தான். என்னையும் ஒரு தட்டைத் தூக்கச் சொன்னார். இருக்கை இருக்கையாகப் போய்க் கொடுத்தோம். தூங்குகிற குழந்தையின் பங்கை அதன் அம்மா கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

தீபாவளி அமாவாசை என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஊரில் மத்தாப்பு வெளிச்சத்தில் அது கண்ணில் படுவதில்லை. பத்து மணிக்கு மேல்தளத்துக்குப் போனேன். கடல் இல்லை, அடிவானம் இல்லை, மேலே மட்டும் நட்சத்திரம். இவ்வளவு இருக்கிறதா என்று பயமாகவே இருந்தது. ஐயா கைத்தடியை ஊன்றி வந்து பக்கத்தில் நின்றார். கப்பல் கிழக்கே போகிறது; வலப்பக்கம் முன்னால், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்தது. "அகத்தியர்" என்றார்.

அகத்திய நட்சத்திரம். சிரியஸுக்கு அடுத்தபடியாக வானத்தில் பிரகாசமானது. நம்மூரில் அது தெற்கு அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாது. சென்னையில் உச்சிக்குப் போகும்போதும் 24 பாகைதான். இங்கே 57 பாகை வரை ஏறும் என்று அவர் சொன்னார். இரண்டு மணிக்கு எழுந்து வந்து பார்த்தேன். உண்மைதான், அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "இமயத்தில் கூட்டம் கூடி உலகம் சாய்ந்தபோது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்பது கதை. நாங்கள் அவரையும் தாண்டித் தெற்கே வந்துவிட்டோம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. காற்றில் அவர் கண்ணில் நீர் வந்திருந்தது, காற்றினால்தானா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிட்டது. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு தீவுக்கும் ஒரே நேரம். ஆனால் ஆறு பாகை கிழக்கே வந்திருந்தோம், சூரியன் இருபத்து நாலு நிமிஷம் முந்திக்கொண்டது. எதிரே காய்ந்த பழுப்பு நிறத்தில் தாழ்ந்த மலை. அதைச் சுற்றி வெள்ளைக் கோடாக அலை உடைந்துகொண்டிருந்தது, அதற்கு உள்ளே பச்சை. அந்தப் பவளத் திட்டுக்குள் அடங்கிய கடல் 240 சதுர கிலோமீட்டர், அதாவது தீவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கப்பல் ஒரு குறுகலான வழியில் மெல்ல நுழைந்தது. இரண்டு பக்கமும் தரை தெரிந்தது. ஆட்டம் நின்றது. நின்றபிறகுதான் 36 மணி நேரமாக உடம்பு முழுவதும் எதையோ பிடித்துக்கொண்டு இருந்தது தெரிந்தது.

போர்ட் மத்துரின் கரையில் அந்த நேரத்துக்கே கூட்டம். குளிர்பதனப் பெட்டிக்காகக் காத்திருந்தவர், மெத்தைக்காக வந்தவர், ஒன்றுமில்லாமல் கப்பல் பார்க்க வந்தவர். அம்மாவின் மகள் கைக்குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் ஓலைத்தொப்பி போட்ட, ஒல்லியான, ஐம்பது வயது ஆப்பிரிக்கப் பெண்மணி. "இவர் எங்கள் சம்பந்தியம்மா" என்று ஐயா அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண்மணிக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. தன் நெஞ்சில் கை வைத்து, "வ்வீ, சம்பந்தி" என்றார்.

தங்குமிடம் வேண்டாம் என்று வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்கள். வாசலில் வைத்து அம்மா அந்தப் பன்னிரண்டு அகலையும் பட்டப்பகலில் ஏற்றினார்.

ரொட்ரிக்ஸில் ஐந்து நாள் இருந்தேன். நடந்தேன், சாப்பிட்டேன், சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். சம்பந்தியம்மாவோடு போன ஒரு காலையை மட்டும் சொல்ல வேண்டும். அவர் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், குத்துகிறவர். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் முழங்கால் அளவுக் கடலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து போவார்கள், கையில் இரும்புக் கம்பி. நான் பார்த்ததெல்லாம் கல்லும் பாசியும்தான். அவர் ஒரு பொந்தின் வாயில் நண்டு ஓட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்ததைக் காட்டினார். சாப்பிட்டுவிட்டுக் குப்பையை வாசலில் போட்டிருக்கிறது. கம்பியை விட்டு ஒரு திருகு. வெளியே வந்ததும் அது அவர் முன்கையைச் சுற்றிக்கொண்டது, பழுப்பிலிருந்து வெளுப்பாக, மறுபடி கருப்பாக நிறம் மாறிக்கொண்டே. ஒவ்வொரு உறிஞ்சியாகப் பிய்த்து எடுத்தார், சின்னச் சின்னச் சத்தம் கேட்டது. கையில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது.

ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை பிடிக்கக்கூடாது என்று 2012 முதல் தடை இருக்கிறது. தடை விலகி அப்போது இரண்டு வாரம்தான். முதலில் எல்லாரும் எதிர்த்தார்களாம், வயிற்றுக்கு என்ன செய்வது என்று. இப்போது குஞ்சுகள் பெருக்கிற நேரத்தை விட்டுவிட்டால் பின்னால் எடை கூடுதலாகக் கிடைக்கிறது என்று அவரே சொன்னார். எங்கள் ஊர் மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு சின்னக் குட்டி கிடைத்தபோது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே பொந்தில் விட்டார்.

திரும்பும் கப்பலுக்கு எல்லாரும் வந்தார்கள். சம்பந்தியம்மா ஒரு பாட்டிலில், கொட்டைப்பாக்கு அளவே இருக்கிற ரொட்ரிக்ஸ் எலுமிச்சையும் மிளகாயும் போட்ட ஊறுகாய் கொடுத்தார். ஐயாவும் அம்மாவும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார்கள். ஐயா கைகூப்பி, "சென்று வாருங்கள்" என்றார். அந்தச் சொல்லை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஒருவர் எனக்குச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பவளத் திட்டைத் தாண்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அலை பின்னாலிருந்து வந்து அமரத்தை, அதாவது பின்பக்கத்தை, தூக்கியது, கப்பலைச் சற்று முன்னே தள்ளிவிட்டு அடியில் போய்விட்டது. மேல்தளத்தில் நின்றேன். காற்றே இல்லை. போகும்போது காதைக் கிழித்த கயிறு அசையாமல் தொங்கியது. புகைபோக்கியிலிருந்து வந்த புகை நேரே மேலே போனது. காற்று நிற்கவில்லை, அதுவும் நாங்களும் ஒரே பக்கம் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தோம். சப்பாத்தியில் அந்த ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

மறுநாள் தூரத்தில் பியத்தர் போத் மலை தெரிந்தது, உச்சியில் தலைபோல உட்கார்ந்திருக்கிற உருண்டைப் பாறையோடு. கோயன் தெ மிர் பக்கம் வந்ததும் போனில் சிக்னல் கோடு ஒன்று எழுந்தது. காரைக்காலில் அப்போது மத்தியானம். மாமா இரண்டாவது மணியில் எடுத்தார்.

"கொண்டலும் சோழகமும் கலந்து மாமா" என்றேன். "போறப்ப நேர் எதிரே. இப்ப பின்னாலேர்ந்து."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் யாரோ வலைக்கு ஈயக் குண்டு கட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பாதி நேரத்துல வந்திருப்பியே" என்றார். "கோலா பாத்தியா?"